ஸ்டால் ஸ்பீடு: பழைய மசில் காருக்கு டார்க் கன்வர்ட்டரை அளந்து, தேர்ந்தெடுத்து, மாட்டுவது எப்படி

"2400 ஸ்டால்" என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ஒரு டார்க் கன்வர்ட்டரை (எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் பாகம்) 454 கன அங்குல பிக்-பிளாக் எஞ்சின் உள்ள செவர்லே செவெல்லில் மாட்டுங்கள்; டேக்கோமீட்டர் 2400 பக்கம் காட்டும். அதையே கழற்றி 350 ஸ்மால்-பிளாக் உள்ள செவர்லே நோவாவில் மாட்டினால் 2000 பக்கத்திலேயே நின்றுவிடும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கன்வர்ட்டரும் கெடவில்லை. ஸ்டால் ஸ்பீடை முடிவு செய்வதில் கன்வர்ட்டருக்குப் பாதிப் பங்கு, எஞ்சினுக்குப் பாதிப் பங்கு. பெட்டியில் உள்ள எண் யாரோ ஒருவருடைய எஞ்சினை மனதில் வைத்துப் போட்டது.

கன்வர்ட்டருக்குள் மூன்று சக்கரங்கள். இம்பெல்லர் வெளிக்கூட்டோடு சேர்ந்தது. கூடு ஃப்ளெக்ஸ்பிளேட்டில் (கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனையில் உள்ள மெல்லிய தகடு) போல்ட் செய்யப்பட்டிருப்பதால் எஞ்சின் சுற்றும் வேகத்திலேயே இதுவும் சுற்றும். டர்பைன் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டில் ஸ்ப்ளைன் மூலம் உட்காரும். இரண்டுக்கும் நடுவில் ஸ்டேட்டர், ஒரு பக்கம் மட்டுமே சுற்றவிடும் ஒன்-வே கிளட்ச்சின் மேல் இருக்கிறது. கார் நின்றுகொண்டிருக்கும்போது டர்பைனில் மோதித் திரும்பும் எண்ணெய் எதிர்த்திசையில் வரும். ஸ்டேட்டர் அதைத் திருப்பி, இம்பெல்லர் சுற்றும் திசைக்கே அனுப்புகிறது. அதனால்தான் புறப்படும் கணத்தில் எஞ்சின் தரும் டார்க் (சுழற்றும் விசை) ஏறக்குறைய இரு மடங்காகி கியர்பாக்ஸுக்குப் போகிறது. டர்பைன் வேகம் பிடித்து இம்பெல்லரின் வேகத்தில் சுமார் 90 சதவீதத்தை எட்டும்போது ஸ்டேட்டர் விடுபட்டுத் தானும் சுற்றத் தொடங்கும். பெருக்கம் அதோடு முடிந்தது.

டர்பைனை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால், எஞ்சின் ஒரு ஆர்பிஎம்மில் போய் நிற்கும், அதற்கு மேல் ஏறாது. அதுதான் ஸ்டால் ஸ்பீடு. இம்பெல்லரைச் சுற்றத் தேவையான டார்க், வேகத்தின் வர்க்கத்தில் கூடிக்கொண்டே போகும். எஞ்சினால் தர முடிந்த டார்க்கும் அதுவும் சமமாகும் இடத்தில் முள் நின்றுவிடுகிறது.

கே-எண் கணக்கு

கன்வர்ட்டருக்கே உரிய ஒரு எண் வேண்டுமென்றால் அது கே-எண். ஸ்டால் ஆர்பிஎம்மை, அந்த ஆர்பிஎம்மில் எஞ்சின் தரும் டார்க்கின் வர்க்கமூலத்தால் வகுங்கள். அமெரிக்க வழக்கப்படி டார்க்கைப் பவுண்டு-அடியில் போட வேண்டும் (1 பவுண்டு-அடி = 1.356 நியூட்டன் மீட்டர்).

மேலே சொன்ன 454, 2400 ஆர்பிஎம்மில் உண்மையாக 420 பவுண்டு-அடி தருகிறது என்று வைப்போம். 420-இன் வர்க்கமூலம் 20.5. 2400 ÷ 20.5 = 117. இப்போது 350 எஞ்சின் 2000 ஆர்பிஎம் பக்கம் 300 பவுண்டு-அடி தருகிறது என்றால், 117 × 17.3 = ஏறத்தாழ 2025. பெட்டியில் 2400 என்று வாங்கியவர் கையில் 2000 சொச்சம்தான்.

இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். ஒன்று, உச்ச டார்க்கை எடுத்துப் போடுவது. வேண்டியது ஸ்டால் நடக்கும் ஆர்பிஎம்மில் உள்ள டார்க். எஞ்சினின் டார்க் வளைகோடு கையில் இருந்தால் முதலில் ஒரு ஆர்பிஎம்மை ஊகித்து, அங்கே உள்ள டார்க்கைப் போட்டு, வரும் விடையை வைத்து மறுபடியும் பார்க்க வேண்டும்; இரண்டு மூன்று சுற்றில் எண் நிலைத்துவிடும். இன்னொன்று, 1971 வரையிலான விளம்பரப் புத்தகங்களை நம்புவது. 1970 செவெல்லின் எல்எஸ்5 454-க்கு 3200 ஆர்பிஎம்மில் 500 பவுண்டு-அடி, கிரைஸ்லர் 440 மேக்னத்துக்கு அதே ஆர்பிஎம்மில் 480 என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அவை கிராஸ் கணக்கு: ஏர் கிளீனர், சைலன்சர், ஃபேன் எதுவும் இழுக்காத நிலையில் பெஞ்சில் எடுத்தவை. 1972 மாடலிலிருந்துதான் அமெரிக்காவில் நெட் கணக்கு பொதுவாயிற்று. பழைய கிராஸ் எண்ணில் 15 முதல் 20 சதவீதம் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவது உத்தமம்.

வர்க்கமூலம் என்பதால் ஒரு நன்மையும் உண்டு. டார்க் 10 சதவீதம் மாறினால் ஸ்டால் 5 சதவீதம்தான் மாறும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வரில், காற்று மெலிந்து எஞ்சின் 16 சதவீதம் டார்க்கை இழந்தாலும் ஸ்டால் குறைவது 8 சதவீதம் பக்கம்தான். 3000 காட்டியது 2750 காட்டும்.

3000 ஸ்டால் என்றால் 3000 வரை கார் நகராதா?

நகரும். இது மிகவும் பரவிய தவறான எண்ணம். 3000 என்பது முழு த்ராட்டிலில், முழு டார்க்கில் வரும் எண். சிக்னலில் இருந்து மெதுவாகக் கிளம்பும்போது எஞ்சின் 80 அல்லது 100 பவுண்டு-அடிதான் தருகிறது. கே-எண் 150 உள்ள கன்வர்ட்டரில் 100 பவுண்டு-அடிக்கு ஸ்டால் 1500. ஆக, 1500-க்குள்ளேயே கார் கிளம்பிவிடும். ஒரிஜினல் கன்வர்ட்டரைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கும், மேட்டில் ஏறும்போது முள் முந்திக்கொண்டு ஓடும், அவ்வளவுதான்.

ஸ்டால் என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு அளவுகளைச் சொல்வதும் குழப்பத்துக்குக் காரணம். பிரேக்கை மிதித்துக்கொண்டு எடுப்பது ஃபுட்-பிரேக் ஸ்டால். நின்ற நிலையிலிருந்து ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று முழுவதும் மிதிக்கும்போது முள் எகிறித் தயங்கும் இடம் ஃபிளாஷ் ஸ்டால். டிராக் கார்களில் டிரான்ஸ்பிரேக் போட்டு கியர்பாக்ஸையே பூட்டி எடுப்பது உண்மையான ஸ்டால். பலமான பிக்-பிளாக்கில் ஃபுட்-பிரேக் முறை பெரும்பாலும் உதவாது. ஸ்டாலை எட்டும் முன்பே பின்சக்கரங்கள் பிரேக்கை மீறிச் சுழன்றுவிடும். கன்வர்ட்டர் செய்பவரிடம் பேசும்போது எந்த ஸ்டாலைச் சொல்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அளக்கும் முறை

முதலில் வெப்பக் கணக்கு, ஏனென்றால் இந்தச் சோதனையில் கியர்பாக்ஸை எரித்துவிடுவது எளிது. 3000 ஆர்பிஎம்மில் 400 பவுண்டு-அடி என்றால் 228 குதிரைத்திறன், அதாவது 170 கிலோவாட். கார் நகரவில்லை, ஆகவே அத்தனையும் எண்ணெயில் சூடாக இறங்குகிறது. கன்வர்ட்டருக்குள் 5 லிட்டர் எண்ணெய் என்று வைத்தால் நொடிக்கு 20 டிகிரி செல்சியஸ் ஏறும். ஐந்து நொடியில் 100 டிகிரி. பழைய சர்வீஸ் மேனுவல்கள் ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம் என்று எச்சரிப்பது இதனால்தான். முள் நின்றதும் காலை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நொடி போதும்.

1. வண்டியைக் கால் மணி நேரமாவது ஓட்டி எண்ணெயைச் சூடாக்குங்கள். குளிர்ந்த எண்ணெயில் எடுக்கும் அளவு பொய் சொல்லும். எண்ணெய் மட்டத்தையும் அப்போதே பாருங்கள்.

2. நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக் போடுங்கள். காரின் முன்னாலோ பின்னாலோ ஒருவரும் நிற்கக் கூடாது. சுவருக்கு எதிரே நிறுத்தி இதைச் செய்யாதீர்கள்.

3. டேஷ்போர்டில் உள்ள பழைய டேக்கோமீட்டர் நூறு இருநூறு தவறாகக் காட்டலாம். இக்னிஷன் காயிலில் இணைக்கும் சோதனை டேக்கோமீட்டரை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

4. இடது காலால் பிரேக்கை அழுத்தி, டி-யில் போட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சீராக அடிவரை கொண்டுபோங்கள். முள் நிற்கும் எண்ணை மனதில் வாங்கிக்கொண்டு உடனே விடுங்கள். சக்கரம் சுழல ஆரம்பித்தால் அப்போதே விட்டுவிட வேண்டும். அந்த அளவு செல்லாது.

5. நியூட்ரலில் போட்டு 1000–1200 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடமாவது ஓடவிடுங்கள். அப்போதுதான் சூடான எண்ணெய் கூலருக்குப் போய் வரும். அடுத்த அளவை அதற்குப் பிறகு எடுக்கலாம்.

ஃபுட்-பிரேக்கில் சக்கரம் நிற்காத கார்களுக்கு, மூடிய டிராக்கில், நல்ல பிடிப்புள்ள தளத்தில், ஐடிலில் நின்றபடி முதல் கியரில் திடீரென்று முழு த்ராட்டில் கொடுத்து முள் எங்கே தயங்குகிறது என்று வீடியோ எடுத்துப் பார்ப்பது நடைமுறை வழி. கண்ணால் பிடிப்பது கஷ்டம். சக்கரம் வழுக்கினால் எண் பயனற்றது.

எண் என்ன சொல்கிறது? உங்கள் காருக்கு உரிய எண் தெரிந்திருந்தால்தான் இது பேசும். கிரைஸ்லரின் டார்க்ஃப்ளைட் கியர்பாக்ஸ் மேனுவல்கள் தரும் விளக்கம் மற்ற கியர்பாக்ஸ்களுக்கும் பொருந்தும். ஸ்டால் உரிய எண்ணைவிட 200-க்கு மேல் கூடினால் கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் வழுக்குகிறது. 250 முதல் 350 வரை குறைந்து, நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடி, கிளம்பும்போது மட்டும் இழுவை இல்லையென்றால், ஸ்டேட்டரின் ஒன்-வே கிளட்ச் பிடிக்காமல் நழுவுகிறது. ஸ்டால் சரியாக இருந்தும் நெடுஞ்சாலையில் வேகத்தைத் தக்கவைக்க அதிகம் மிதிக்க வேண்டியிருந்தால், அதே கிளட்ச் இறுகிப்போய் ஸ்டேட்டர் விடுபடவில்லை, எண்ணெயும் கொதிக்கும். ஒன்-வே கிளட்ச் பழுது எதுவானாலும் கன்வர்ட்டரை மாற்றுவதுதான் வழி. சோதனையின்போது எண்ணெய் பாயும் ஊளைச் சத்தம் கேட்பது இயல்பு. உலோகம் உரசும் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுங்கள்.

எது வேண்டும் என்று முடிவு செய்வது

அந்தக் காலத்து ஒரிஜினல் கன்வர்ட்டர்கள் பெரும்பாலும் 12, 13 அங்குல விட்டம் கொண்டவை. 1600 முதல் 2000 வரை ஸ்டால் தந்தன. தொழிற்சாலையே இதில் விளையாடியதும் உண்டு. கிரைஸ்லர் 340, 426 ஹெமி போன்றவற்றுக்குச் சிறிய 10¾ அங்குல ஹை-ஸ்டால் கன்வர்ட்டரைக் கொடுத்தது. பியூயிக், ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 1965–67 காலத்து டர்போ 400 வகை (ஜிஎம்-இன் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் பெட்டிகளில் ஸ்டேட்டர் இறக்கையின் கோணமே மாறும். ஒரே கன்வர்ட்டருக்கு இரண்டு ஸ்டால். இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

விட்டம் குறையக் குறைய ஸ்டால் ஏறும். 11 அங்குலம் 2000–2500 பக்கம், 10 அங்குலம் 2800–3500 பக்கம், 8 அங்குலம் முழுக்க ரேஸுக்கு. இது தோராயம்தான், இறக்கைக் கோணமும் ஸ்டேட்டர் வடிவமும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். மலிவு விலை ஹை-ஸ்டால் சிலவற்றில் பழைய 12 அங்குலக் கூட்டையே எடுத்து இம்பெல்லர் இறக்கைகளைப் பின்னோக்கி வளைத்து ஸ்டாலை ஏற்றியிருப்பார்கள். ஸ்டால் ஏறும், ஆனால் மேல் வேகத்திலும் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதற்குக் கொடுக்கும் பணம் வீண்.

தேர்வில் முதல் கேள்வி வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட். 0.050 அங்குல லிஃப்டில் அளந்த திறப்பு நீளம் (டியூரேஷன்) 210–220 டிகிரி உள்ள மென்மையான கேமுக்கு 2000–2400 போதும். 225–235 டிகிரிக்கு 2500–3000. 240-ஐத் தாண்டினால் 3000-க்கு மேல். கேம் வேலை செய்யத் தொடங்கும் ஆர்பிஎம்முக்கு 500 மேலே, உச்ச டார்க் ஆர்பிஎம்முக்குக் கீழே ஸ்டால் விழுந்தால் சரி. இதைவிடக் குறைந்தால், டி-யில் போட்டதும் ஐடில் விழும், எஞ்சின் குலுங்கி அணையும், கிளம்பும்போது மூச்சுத் திணறும். கேம் தவறு என்று நினைத்துக் கார்புரேட்டரை நோண்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான குற்றவாளி இறுக்கமான கன்வர்ட்டர்தான்.

அடுத்தது பின் ஆக்ஸில். 2.73 விகித ஆக்ஸிலோடு 3000 ஸ்டாலைச் சேர்க்காதீர்கள். ஊருக்குள் எப்போதும் வழுக்கல் பகுதியிலேயே ஓடும், சூடு ஏறும், பெட்ரோலும் போகும். 3.55, 3.73 இருந்தால் அதே கன்வர்ட்டர் நன்றாக நடந்துகொள்ளும். முதல் கியர் விகிதத்தையும் பாருங்கள்: டர்போ 400-இல் 2.48, டர்போ 350-இல் 2.52, கிரைஸ்லரின் ஏ-727 டார்க்ஃப்ளைட்டில் 2.45, ஆனால் இரண்டே கியர் உள்ள பவர்கிளைடில் 1.76 அல்லது 1.82. பவர்கிளைடுக்குப் புறப்பாட்டில் கன்வர்ட்டரின் உதவி அதிகம் வேண்டும். சாலையில் ஓட்டும் காருக்கு இரண்டு எண்களுக்கு நடுவில் தயங்கினால் தாழ்ந்ததை எடுங்கள். ஆர்டர் கொடுக்கும்போது எடை, எஞ்சின் அளவு, கேம் விவரம், ஆக்ஸில் விகிதம், டயர் உயரம், பெட்டி எது என்ற ஆறையும் கொடுங்கள். இதில் எதையும் கேட்காமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

மாட்டும்போது

கியர்பாக்ஸ் பெட்டியை இறக்குவதற்கு முன்பே பொருத்தத்தை உறுதி செய்யுங்கள். டர்போ 350, 400 கன்வர்ட்டர்கள் ஒன்றுக்கொன்று மாறும், ஆனால் மேலே சொன்ன மாறுகோண ஸ்டேட்டர் பெட்டிகளுக்கு வேறு ஸ்ப்ளைன். செவர்லே ஃப்ளெக்ஸ்பிளேட்டில் போல்ட் வட்டம் 10¾ அங்குலமா 11½ அங்குலமா என்று அளக்க வேண்டும். கிரைஸ்லரில் 1960களின் பிற்பாதியில் ஸ்ப்ளைன் எண்ணிக்கை மாறியது. இன்புட் ஷாஃப்ட்டை எண்ணிப் பார்த்துவிடுங்கள். இன்னொரு கிரைஸ்லர் பொறி: 360 எஞ்சினின் பேலன்ஸ் எடை கன்வர்ட்டரின் மேல் பற்றவைத்திருக்கும். எடையில்லாத கன்வர்ட்டரை வாங்கிப் போட்டால், எடை வைத்த ஃப்ளெக்ஸ்பிளேட்டும் சேர்த்துப் போட வேண்டும். இல்லையென்றால் கார் முழுவதும் அதிரும்.

பழைய பெட்டி எரிந்துபோனதால் மாற்றுகிறீர்கள் என்றால் கூலரையும் பைப்புகளையும் கழுவி ஊதிவிடுங்கள். அடைத்த கூலர் லைன் கன்வர்ட்டருக்குள் அழுத்தத்தை ஏற்றும். அந்த அழுத்தம் கிராங்க்ஷாஃப்ட்டை முன்னால் தள்ளித் த்ரஸ்ட் பேரிங்கைத் தின்றுவிடும். எஞ்சின் போன பிறகுதான் காரணம் தெரியும்.

முன் பம்ப் சீலைப் புதிதாகப் போடுங்கள். கன்வர்ட்டருக்குள் ஒரு லிட்டர் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றி, ஹப்பில் எண்ணெய் தடவி, நேராகப் பிடித்துப் பெட்டியில் தள்ளிக்கொண்டே சுழற்றுங்கள். டர்பைன் ஸ்ப்ளைன், ஸ்டேட்டர் ஸ்ப்ளைன், பம்ப் பிடிப்பு என்று மூன்று முறை உள்ளே இறங்கி உட்கார வேண்டும். இரண்டோடு நின்றுவிட்டால் அப்படியே ஏற்றாதீர்கள். பெட்டியை பிளாக்கோடு சேர்க்கும்போது கையால் தள்ளியே முகம் முகத்தைத் தொட வேண்டும். இடைவெளியை போல்ட் முறுக்கி இழுத்து மூடுபவர் தன் பம்ப்பைத் தானே உடைக்கிறார். முதல் ஸ்டார்ட்டிலேயே தெரிந்துவிடும்.

பெல்ஹவுசிங் போல்ட்டுகள் இறுகிய பிறகு, கன்வர்ட்டர் கையால் தாராளமாகச் சுழல வேண்டும். ஃப்ளெக்ஸ்பிளேட்டை நோக்கி முன்னால் இழுக்கும்போது நகரும் தூரத்தை அளங்கள்: 3.2 முதல் 4.8 மில்லிமீட்டர், அதாவது 1/8 முதல் 3/16 அங்குலம். அதிகமிருந்தால் போல்ட் ஏறும் எல்லா பேட்களிலும் ஒரே தடிமனில் வாஷர் வையுங்கள். சுத்தமாக நகரவே இல்லையென்றால் கன்வர்ட்டர் முழுதாக உட்காரவில்லை; பெட்டியை மறுபடி இறக்க வேண்டியதுதான். ஜிஎம் பெட்டிகளில் கன்வர்ட்டர் போல்ட்டுக்கு 35 பவுண்டு-அடி, அதாவது 47 நியூட்டன் மீட்டர். கிரைஸ்லரின் சிறிய 5/16 போல்ட்டுக்கு 270 பவுண்டு-அங்குலம், அதாவது 30 நியூட்டன் மீட்டர். கிரைஸ்லரில் நான்கு துளைகளில் ஒன்று தள்ளி இருக்கும். ஒரே ஒரு நிலையில்தான் பொருந்தும். நீளமான போல்ட் கூட்டின் முகத்தில் குத்தி உள்ளே குழியாக்கும் என்பதால் நீளத்தையும் பார்த்துப் போடுங்கள்.

நான்கைந்து லிட்டர் ஏடிஎஃப் ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து, ஐடிலில் ஓடும்போதே மீதியை ஊற்றுங்கள். ஜிஎம் பெட்டிகளில் மட்டத்தைப் பார்க்கிலேயே பார்க்கலாம். ஏ-727-இல் பார்க்கில் கன்வர்ட்டருக்கு எண்ணெய் போகாது. நியூட்ரலில்தான் நிரப்ப வேண்டும், நியூட்ரலில்தான் பார்க்க வேண்டும். அதே பெட்டியில் த்ராட்டில் பிரஷர் ராடை மறக்காமல் இணைத்துச் சரிசெய்யுங்கள். அது இல்லாமல் ஓட்டினால் கிளட்ச்கள் எரியும், பழி புது கன்வர்ட்டர் மேல் விழும். 2500-க்கு மேல் ஸ்டால் உள்ள எதற்கும் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் மட்டும் போதாது. தனி கூலர் ஒன்று வையுங்கள். எண்ணெய் 80 டிகிரியைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகிறது என்பது இந்தத் தொழிலின் பழைய கணக்கு.

எண்ணெய் சூடாகும் அளவுக்கு ஓட்டிய பிறகு ஸ்டாலை ஒரு முறை அளந்து, கே-எண்ணோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். பின்னாளில் பழுது பார்க்கும்போது ஒப்பிட இதைவிட நல்ல எண் கிடைக்காது. மேல் வேகத்தில் எவ்வளவு வழுக்குகிறது என்பதையும் பாருங்கள். மணிக்கு எத்தனை மைல் என்பதை ஆக்ஸில் விகிதத்தாலும் 336-ஆலும் பெருக்கி, டயர் உயரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் வழுக்கலே இல்லாத ஆர்பிஎம் வரும். இது 1:1 உள்ள கடைசி கியருக்கு. டிராக் முடிவில் 100 மைல், 3.55 ஆக்ஸில், 26 அங்குல டயர் என்றால் 4588. முள் 4900 காட்டினால் வழுக்கல் 6 சதவீதம் சொச்சம், நல்ல கன்வர்ட்டர். 10 சதவீதத்தைத் தாண்டினால், அந்த எஞ்சினுக்கு அது தளர்வு. குறித்து வைத்த இந்த எண்களோடு செய்தவரிடமே திருப்பி அனுப்பினால், கூட்டைத் திறந்து ஸ்டேட்டரை மாற்றி இறுக்கித் தருவார்.